எழுந்திருக்காத உள்மெஷின்

அத்தியாயம் 4

செஞ்சிக் கடைத்தெருவில் அன்று ஜாதகம் பார்க்க வந்த கூட்டத்தைவிட, ஜாதகம் பார்க்கிற மெஷின் படுத்துவிட்டதாமே என்று பார்க்க வந்த கூட்டம்தான் அதிகம். சாந்த் பாஷா மொபெட் ஹாரனை அமுக்கி அமுக்கி, ஒரு எருமையையும் இரண்டு மாமிகளையும் விலக்கிவிட்டு, கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான்.

பின்னால் உட்கார்ந்திருந்த நீலாவதி இறங்கி, தலைப்பை இடுப்பில் செருகினாள். சைக்கிள் கடை மாடியில் 'நீலாவதி துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டியிருப்பவள் அவள்தான். காணாமல் போன ஆடு முதல் கல்யாணத்துக்கு முந்தைய மாப்பிள்ளை விசாரணை வரை எது வந்தாலும் எடுத்துக்கொள்வாள். சாந்த் பாஷா அவளுடைய உதவியாள். டூரிங் கொட்டகையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவன். கொட்டகையை மூடிவிட்டார்கள். வாயை மூட ஆளில்லாமல் இவளிடம் வந்து சேர்ந்தான்.

வாசலுக்கு மேலே புதுப் பெயிண்ட் வாசனை போகாத பலகை தொங்கியது. ராஜகோபால் கம்ப்யூட்டர் ஜாதக நிலையம். அதற்குக் கீழே சிவப்பில், மூடநம்பிக்கை இல்லாத விஞ்ஞான ஜோதிடம்.

"ஊருக்கெல்லாம் கெட்ட நேரம் சொல்ற மெஷின்க்கா. தனக்கு வர்றதைச் சொல்லலியே," என்றான் சாந்த் பாஷா.

"அது பொறந்த நேரத்தை யாரும் குறிச்சி வெச்சிருக்க மாட்டாங்க. உள்ள வா."

உள்ளே ஏ.சி. இல்லாவிட்டாலும், இருக்கிறது என்று நம்பவைக்கும் அளவுக்கு ஒரு மேஜை ஃபேன் கம்ப்யூட்டரைப் பார்த்து மட்டும் சுழன்றது. மனிதர்கள் வியர்த்தார்கள். முதலாளி ராஜகோபால் எல்லாரையும்விட அதிகமாக வியர்த்தார். கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியில், முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஜாஹிதா பேகம். பூட்டு ரிப்பேர் கரீம் பாயின் மகள். திண்டிவனத்தில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். இருபத்தேழு நட்சத்திரமும் அவள் விரல் நுனியில் இருந்தன.

"நீலாவதியம்மா, கேஸு ரொம்ப சிம்பிள்," என்றார் ராஜகோபால். "செஞ்சது யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க நிரூபிச்சாப் போதும்."

"அப்ப எங்களுக்குப் பாதி வேலைதான்," என்றான் சாந்த் பாஷா. "யாரு சார்?"

"பச்சமுத்து ஜோசியர். என் கடை வந்ததும் அவருக்கு ஈ ஓட்டற பொழப்பு. முந்தாநாள் இங்க வந்தாரு. அப்படியே மெஷினை மொறைச்சிப் பாத்தாரு. நேத்து காலைல மெஷின் படுத்துக்கிச்சு. அவரு கையால தொடல. தொட வேற கை இருக்குது." அவர் பார்வை ஜாஹிதாவின் முதுகில் போய் நின்றது. "சாயந்தரத்துக்குள்ள இவ ஒத்துக்கிட்டா சரி. இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன்."

ஜாஹிதா திரும்பவில்லை. "கடைவாசல்ல நின்னு ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லிட்டாருக்கா. எங்க அத்தா காதுக்குப் போயிடுச்சு. கெட்ட பேரோட ஒருநாள்கூட அங்க உக்காரக் கூடாது, இன்னைக்கு அந்தப் பேரு போகலன்னா நாளைக்கு நீ போகவேணாம்னுட்டாரு. இந்த வேலை போனா போவுது. துரோகின்னு, ஜோசியர்கிட்ட காசு வாங்கினவன்னு பேரோட வீட்ல போய் எப்படிக்கா குந்துறது?"

நீலாவதி ஒரு ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "மெஷின் எப்படிப் படுத்துதுன்னு காட்டு."

"படுக்கலக்கா. அதான் இதுல கூத்து." ஜாஹிதா சுவிட்சைத் தட்டினாள். பெட்டி உறுமியது, திரையில் பச்சை எழுத்து ஓடியது, தேதி கேட்டது. "வெளி மெஷின் நல்லாத்தான் எழுந்துக்குது. உள்மெஷின்தான் எழுந்துக்க மாட்டேங்குது."

"உள்ள வேற ஒண்ணு இருக்குதா?" சாந்த் பாஷா பெட்டியின் பின்புறம் குனிந்து பார்த்தான்.

"நெசமா இல்லண்ணா. பாவனைதான். இந்த ஜாதக புரோகிராம் ஒரு பழைய மாடல் மெஷினுக்காக எழுதினது. அந்த மெஷினு இப்ப எங்கயும் விக்கறதில்ல. அதனால மெட்ராஸ் கம்பெனிக்காரரு இன்னா பண்ணாருன்னா, இந்தப் புது மெஷின் தன்னைப் பழைய மெஷின்னு நெனைச்சிக்கிற மாதிரி ஒரு ஃப்ளாப்பி குடுத்தாரு. இதைப் போட்டா, இதுக்குள்ளாற அது எழுந்திருக்கும். ஜாதகத்தை அதுதான் கணிக்கும். நான் இதுக்குப் புள்ளத்தாச்சி மெஷின்னு பேரு வெச்சிருக்கேன்."

"பேரு நல்லாருக்குது. வளைகாப்பு எப்ப?"

"பாஷா, சும்மா இரு," என்றாள் நீலாவதி.

ஜாஹிதா காகித உறையிலிருந்து அந்த ஃப்ளாப்பியை, ஒரு கறுப்பு அட்டைச் சதுரத்தை, எடுத்தாள். நடுவில் வட்ட ஓட்டை, கீழே ஒரு நீள ஜன்னல், மேலே இடது மூலையில் பிள்ளையார் சுழி போட்ட வெள்ளை லேபிள். லேபிளைப் பிடித்தபடி பெட்டியின் வலது வாயில் நுழைத்துக் கதவை மூடினாள். கர்ர் கர்ர் என்று சத்தம். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் நட்சத்திரக் குறிகளாலேயே வரைந்த ஒரு பிள்ளையார் எழுந்து நின்றார். சாந்த் பாஷாவுக்கே கையெடுக்கத் தோன்றியது. அடுத்த மூச்சில் பிள்ளையார் மறைந்தார். மெஷின் எழ முடியவில்லை என்று இங்கிலீஷில் ஒரே ஒரு வரி. அவ்வளவுதான்.

"பிள்ளையார் வரைக்கும் வந்துட்டுப் போறாரு," என்றாள் நீலாவதி மெதுவாக. "அப்ப ஃப்ளாப்பியில இருக்கறதைப் படிக்க முடியுது. படிச்ச பிறகு இன்னா பண்ணும்?"

"உள்மெஷின் மொதல்ல தனக்கு எடம் பண்ணிக்கும்க்கா. எழுதிப் பாக்கிறதுக்கு சிலேட்டு மாதிரி, அந்த ஃப்ளாப்பியிலயே. அப்புறம்தான் பேரு கேக்கும்."

"இந்த ஃப்ளாப்பியை யார் யார் தொடுவாங்க?"

ராஜகோபால் நெஞ்சை நிமிர்த்தினார். "அங்கதான் வரணும் நீங்க. ராத்திரி நானே பீரோவுல வெச்சிப் பூட்டுவேன். காலைல நானே எடுத்துக் குடுப்பேன். என் சம்சாரத்தைக்கூடத் தொட விடறதில்ல. கம்பெனிக்காரரு வந்து எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சி சொல்லிட்டுப் போயிருக்காரு. விபூதி, குங்குமம், சந்தனம், மை, எண்ணெய், எந்தப் பொடியும் எந்த ஈரமும் படக் கூடாது. ஜன்னல்ல விரல் வெக்கக் கூடாது. ஆயுத பூஜைக்குக்கூட நான் இதுக்குப் பொட்டு வெக்கல. வெறும் ஊதுவத்தி, அதுவும் வாசல்ல. இந்த ஃப்ளாப்பியை என்னையும் இவளையும் தவிர ஒரு ஈ காக்கா தொட்டதில்ல. நான் பண்ணல. அப்ப யாரு?"

"கணக்கு சுத்தமா இருக்குது சார்," என்றான் சாந்த் பாஷா.

கம்பெனி கொடுத்த டப்பாவை நீலாவதி கவிழ்த்துப் பார்த்தாள். வெறும் உறைகள். ஒரு தாளில் வரிசையாகச் சின்னச் சின்ன வெள்ளி நிற ஒட்டுத் துண்டுகள்.

"இது எதுக்கு?"

"தெரியலக்கா. லேபிளுக்கும் சின்னது. ஒண்ணுகூட எடுக்கல, அப்படியே இருக்குது."

கம்பெனிக்கு டிரங்கால் போட்டாகிவிட்டது. இங்கிருந்து போகும்போது நன்றாகத்தான் இருந்தது, அடுத்த வாரம் ஆளனுப்புகிறோம் என்றார்களாம். வாசலில் அனந்தபுரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், மாப்பிள்ளை வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று படிக்கட்டிலேயே கட்டுச்சோற்றைப் பிரித்துவிட்டது.

"ஜோசியரைப் பாத்துட்டு வந்துடலாம்," என்றாள் நீலாவதி.

பச்சமுத்து ஜோசியரின் வீடு கோட்டைக்குப் போகிற சாலையில், ராஜகிரியின் பாறைகள் வெயிலைக் குடித்துத் திருப்பித் துப்பும் இடத்தில் இருந்தது. மொபெட் சீட் தோசைக்கல்லாகிவிட்டது. போகும் வழியெல்லாம் சாந்த் பாஷா தன் தீர்ப்பைச் சொல்லிக்கொண்டே வந்தான்.

"எலுமிச்சம்பழத்துல ஊசி குத்திப் புதைச்சிருப்பாருக்கா. கோட்டை மேல ஏறி நின்னு மந்திரம் போட்டிருப்பாரு. மந்திரம் கரெக்டா வலது வாய்ல போய் விழுந்திருக்குது."

"வெளி மெஷினை விட்டுட்டு உள்மெஷினை மட்டும் புடிக்கிற மந்திரமா? அவ்ளோ வேலை தெரிஞ்ச ஜோசியர்னா அவருகிட்டயும் கூட்டம் இருந்திருக்கும்டா."

ஜோசியர் கூடத்தில் உட்கார்ந்து சோழியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் ரஞ்சிதம் ஒரு டேப் ரிக்கார்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா சொல்லும் நவக்கிரக சுலோகத்தைப் பதிவு செய்ய வேண்டுமாம். சிவப்புப் பொத்தான் அமுங்குவேனா என்றது.

"பாட்டு கேக்குதுண்ணா. ரிக்கார்டு பண்ண மட்டும் வர மாட்டேங்குது," என்றாள் அவள்.

"கேசட்டைக் குடு." சாந்த் பாஷா திருப்பிப் பார்த்தான். "அதான் பாத்தேன். முதுகுல ரெண்டு காது இருக்கும். கடைக்காரன் உடைச்சிட்டான், அவன் பாட்டு மேல நாம பதிஞ்சிடப் போறோம்னு. காது போச்சின்னா கேக்கத்தான் முடியும், பதிய முடியாது." பஸ் டிக்கெட்டைச் சுருட்டி ஓட்டையில் அடைத்துப் போட்டான். பொத்தான் சமர்த்தாக அமுங்கியது. ரஞ்சிதம் அவனை விஞ்ஞானியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு திரும்பியபோது, நீலாவதி அந்தக் கேசட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றிருந்தாள்.

"ஐயா," என்றாள் ஜோசியரிடம், "முந்தாநாள் கம்ப்யூட்டர் கடைக்கு எதுக்குப் போனீங்க?"

ஜோசியர் மகளைப் பார்த்து, "தண்ணி கொண்டா," என்று உள்ளே அனுப்பினார். அவள் போனபிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய சொல்லக் கூடாதும்மா. மானம் போயிடும். பொண்ணுக்கு ஒரு எடம் வந்திருக்குது. ரெண்டு ஜாதகத்தையும் எடுத்து வெச்சிக் குந்தினா, எனக்கு எல்லாப் பொருத்தமும் பொருந்துது. மறுபடி பாக்கறேன், மறுபடியும் பொருந்துது. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. பையன் புடிச்சிப் போனதால நானே வளைச்சிப் பொருத்தறேனா, நெசமாவே பொருந்துதான்னு. அதுக்குப் பாசம் கெடையாதே, அந்த மெஷினுக்கு. அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு போனேன்."

சாந்த் பாஷாவுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. இருமலாக மாற்றிவிட்டான்.

"கேட்டீங்களா?"

"எங்கம்மா. நாலு பேர் உக்காந்திருந்தாங்க. வாய் வரல. வெறும் கையோட நிக்க முடியாம, 'அடடா, இன்னா களையான மெஷின், செஞ்சிக் கோட்டைல ராஜா இருந்தப்பக்கூட இப்படி ஒண்ணு இருந்திருக்காது, குடுத்து வெச்ச மனுஷன்யா நீ'ன்னு மனசாரப் பாராட்டிட்டு வந்தேன். அதுக்கு அந்த ஆளு மூஞ்சி செத்துப்போச்சு. இன்னா தப்பாச் சொன்னேன்னு இன்னும் புரியல."

நீலாவதி எழுந்துவிட்டாள். தண்ணீர் வருவதற்குள் மொபெட்டில் உட்கார்ந்தும்விட்டாள்.

"கேஸு முடிஞ்சிச்சாக்கா? ஜோசியர்தான் இல்லன்னு ஆயிடுச்சே."

"பாஷா, உனக்கு ஒரு வேலை. கடைக்குப் போனதும், நான் கண் காட்டினா, அங்க இருக்கறதை ஒண்ணொண்ணாப் புகழணும். வாய் வலிக்கப் புகழணும்."

"இதுக்கு முன்னாடி இந்த வாயை மூடுன்னுதான் சொல்லியிருக்கீங்க. தேதியைக் குறிச்சி வெச்சிக்கிறேன்."

கடையில் கூட்டம் இன்னும் கூடியிருந்தது. ராஜகோபாலின் மனைவி ஆதிலட்சுமி, இடுப்பில் பேரக்குழந்தையோடு மோர் கொண்டுவந்திருந்தாள். நீலாவதி அந்தக் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள். வலது கன்னத்து ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்குத் திருஷ்டி மை. பிறகு ஃப்ளாப்பியை வாங்கி ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணால் பார்க்காமல், விரலால் அதன் ஓரங்களைத் தடவினாள். வலது ஓரத்தில் விரல் நின்றது. ஃப்ளாப்பியை மேஜைமேல் வைத்து, சாந்த் பாஷாவைப் பார்த்துக் கண் காட்டினாள்.

சாந்த் பாஷா தொண்டையைச் செருமினான்.

"அண்ணி, மோரு அமிர்தம். இந்த மாதிரி மோரு திருவண்ணாமலை வரைக்கும் கிடையாது." ஆதிலட்சுமி சிரித்தாள். "ஃபேன் பாருங்க, கலெக்டர் ஆபீஸ்லகூட இப்படிக் காத்து வராது." ஃபேன் கிரீச்சிட்டது. யாரும் அசையவில்லை. "பீரோ, அது பீரோ இல்ல, பேங்கு." ராஜகோபால் தலையாட்டினார். "ஆனா எல்லாத்துக்கும் மேல இந்த மெஷின். யப்பா, இன்னா பளபளப்பு. மூணு ஜில்லாவுல தேடினாலும் இப்படி ஒண்ணு கிடைக்காது. பாக்கற எனக்கே வயிறு எரியுதுன்னா, மத்தவனுக்கு எப்படி எரியும்..."

"அப்படியெல்லாம் சொல்லாதப்பா," என்றார் ராஜகோபால். சொல்லிக்கொண்டே அவர் கை மேஜைமேல் போனது. ஃப்ளாப்பியின் வலது ஓரத்தைக் கட்டைவிரல் ஒருமுறை தடவியது.

"இருக்குதா சார்?" என்றாள் நீலாவதி.

"இருக்குது," என்றார் அவர், நிம்மதியாக. பிறகுதான் எல்லாரும் தன் கட்டைவிரலையே பார்ப்பதைக் கவனித்தார்.

நீலாவதி ஃப்ளாப்பியை எடுத்து ஜாஹிதாவிடம் நீட்டினாள். "ஓரத்தைத் தொட்டுப் பாரு. கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு மேல கறுப்பு."

ஜாஹிதாவின் நகம் எதையோ நெருடியது. "அக்கா, இது ஸ்டிக்கர் பொட்டு."

"திருஷ்டிப் பொட்டு. ஜோசியர் வந்து வாயாரப் புகழ்ந்துட்டுப் போயிருக்காரு. கண்ணு பட்டுடுமேன்னு ஒருத்தரு பயந்திருக்காரு. கெடுக்கணும்னு நெனைக்கறவன் எவனாவது திருஷ்டிப் பொட்டு வெப்பானா? இது பாசம் வெச்சவங்க வேலை. அண்ணி வெச்சிருந்தா மை வெச்சிருப்பாங்க, கொழந்தைக்கு வெச்ச மாதிரி. இவரு ஈரமும் பொடியும் படக் கூடாதுன்னு கம்பெனிக்காரர் சொன்னதை அட்சரம் பிசகாம கேட்டவரு. அதனால காஞ்ச பொட்டாப் பாத்து ஒட்டியிருக்காரு. ஜன்னல்ல கை வெக்கக் கூடாது, பிள்ளையார் சுழியை மறைக்கக் கூடாது. மிச்சம் இருந்தது வலது கன்னம். மெஷின் வாய்ல உரசி உரியாம இருக்க, ஓரத்துல மடிச்சி வேற."

"பொட்டு ஒட்டினா மெஷின் படுத்துக்குமா?" ராஜகோபாலின் குரல் பலகையில் இருந்த சிவப்பு எழுத்தைப் போல இல்லை.

"எங்க ஒட்டினீங்கங்கறதுலதான் இருக்குது. அந்த ஓரத்துல ஒரு சதுர வெட்டு இருக்குது பாருங்க, கேசட்டுக்குக் காது மாதிரி. கேசட்டுல காதை அடைச்சாப் பதியும். இது நேர்மாறு, அடைச்சா எழுத்து விழாது, படிக்க மட்டும்தான் முடியும். அடைக்கறதுக்குத்தான் கம்பெனிக்காரன் அந்த வெள்ளித் துண்டு குடுத்திருக்கான். நீங்க அதுக்கு பதிலா பொட்டு வெச்சிட்டீங்க. உள்மெஷின் எழுந்ததும் சிலேட்டுல எழுதப் போவுது, எழுத முடியல, மறுபடி படுத்துக்குது."

"இவளும்தான் ஒட்டியிருக்கலாம். அவங்க வீட்லயும் கொழந்தைங்களுக்குக் கண்ணேறு படாம மை வெப்பாங்க," என்றார் ராஜகோபால், கடைசி முயற்சியாக.

"வெப்போம் சார்," என்றாள் ஜாஹிதா. "வெச்சது எங்கன்னு எங்களுக்கு ஞாபகமும் இருக்கும். பேரு போவுதேன்னு ரெண்டு நாளா அழுதுக்கினு, அதை உரிக்காம உக்காந்திருப்பேனா?"

ஆதிலட்சுமி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "கண்ணாடியில ஒட்டி வெச்ச கறுப்புப் பொட்டைக் காணோமேன்னு தேடிக்கினு இருந்தேன். ஏங்க, விஞ்ஞானம்னு சொல்லி என்னைக் கடைக்குள்ளயே விட மாட்டீங்களே." மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு அவள் போகவில்லை. மீதியையும் பார்க்க நின்றாள்.

ஜாஹிதா நகத்தால் பொட்டை உரித்தாள். வலது வாயில் நுழைத்தாள். கர்ர் கர்ர். பிள்ளையார் வந்தார், போனார். திரையில் பேர் கேட்டு ஒரு சின்னக் கோடு துடித்தது. உள்மெஷின் எழுந்துவிட்டது.

ராஜகோபால் கைகூப்பியபடி நீலாவதியின் பக்கத்தில் வந்தார். "அம்மா, வெளிய வோல்டேஜ் கோளாறுன்னு சொல்லிடறேன். போர்டு வெச்சிருக்கேன். சிரிப்பாங்க. பொண்ணு வேலையில இருக்கட்டும், அதை விட்டுடலாம்."

"கேஸ் உங்களுது சார். ஆனா பேரு கெட்டது என்னுது இல்லியே. அங்க கேளுங்க."

அவர் திரும்புவதற்குள் திரை இருண்டிருந்தது. ஜாஹிதா சுவிட்சை அணைத்து, ஃப்ளாப்பியை வெளியே எடுத்து, உறையில் போட்டு, மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாசல்ல நின்னு சொன்னீங்க சார்," என்றாள் அவள். "அதே வாசல்ல நின்னு சொல்லிட்டு வாங்க."

"ஜாஹிதா, கூட்டம் இருக்குதும்மா."

"அன்னைக்கும் இருந்துச்சு."

ராஜகோபால் மனைவியைப் பார்த்தார். மனைவி வாசலைப் பார்த்தாள். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு போனார். "கேட்டுக்கங்க. பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல. யார்கிட்டயும் எதுவும் வாங்கல. நான்தான் மெஷினுக்குத் திருஷ்டிப் பொட்டு வெச்சேன். அது ஏடாகூடமான எடத்துல ஒட்டிக்கிச்சு. கரீம் பாய்கிட்ட நானே போய்ச் சொல்றேன்."

சிரிப்பு வெடிக்கும் என்று சாந்த் பாஷா காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். வெடிக்கவில்லை. படிக்கட்டில் அனந்தபுரத்து அம்மாள் தயிர்சாதக் கையோடு எழுந்தாள்.

"பின்ன, இவ்ளோ பெரிய மெஷினுக்குத் திருஷ்டி வெக்காம இருப்பாங்களா. இத்தினி நாளா வெக்கலியேன்னுதான் எங்களுக்கு நம்பிக்கை வரல. ஏம்பா, வரிசையில நில்லுங்க."

கூட்டம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு வரிசையானது. எல்லாருக்கும் பின்னால், துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டு, கையில் இரண்டு ஜாதகத்தோடு பச்சமுத்து ஜோசியரும் நின்றார். நீலாவதி பார்க்காததுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ராஜகோபால் உள்ளே வந்தபோது நடையே மாறியிருந்தது. தன் விஞ்ஞானம் இவ்வளவு சுலபமாகத் தப்பித்துவிட்டதை அவராலேயே நம்ப முடியவில்லை. ஜாஹிதா சுவிட்சைத் தட்டி, ஃப்ளாப்பியை மறுபடி நுழைத்தாள். பிள்ளையார் வந்து போனார். சின்னக் கோடு துடித்தது. அவர் மெல்ல வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து, கண்ணெடுக்காமல், வாயைப் பிளந்துகொண்டு திரையைப் பார்த்தார்.

விசைப்பலகையில் விரலை வைத்திருந்த ஜாஹிதா திரும்பாமலே சொன்னாள்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க கண்ணு படுது."

ராஜகோபால் தள்ளி நின்றார்.